ஆய்வுத் தரவு: முதல் நேர்காணலுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்

சிங்கப்பூரில் முதுநிலை, முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்களின் தரவுச் சிக்கல் பெரும்பாலும் ஒப்புதல் படிவத்திலேயே தொடங்கிவிடுகிறது. 'ஆய்வு முடிந்ததும் பதிவுகள் அழிக்கப்படும்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், பெயர் நீக்கிய நேர்காணல் எழுத்துவடிவத்தைக்கூடப் பின்னால் களஞ்சியத்தில் (ஆய்வுத் தரவைச் சேமித்துப் பகிரும் இணையத்தளத்தில்) வைக்க முடியாமல் போகும். அதனால் தரவு மேலாண்மைத் திட்டத்தை எழுதிவிட்டு ஐஆர்பி (ஆய்வு நெறிமுறைக் குழு) விண்ணப்பத்துக்குப் போங்கள். எதைச் சேகரிக்கிறோம், எங்கே வைக்கிறோம், யார் பார்க்கலாம், எவ்வளவு காலம், எதைப் பகிர்வோம் என்பதற்கு இரண்டு பக்கம் போதும்.

அடையாளம் நீக்குவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அடையாள அட்டை எண்ணைக் கேட்கவே வேண்டாம். அதைச் சேகரிப்பதற்கான கட்டுப்பாடு 2019 செப்டம்பர் 1 முதல் கடுமையாகிவிட்டது. பெயரை எடுத்தாலும் அஞ்சல் குறியீடு காட்டிக்கொடுக்கும். நம் 6 இலக்கக் குறியீடு ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கைக் குறிக்கும். தரைவீடு என்றால் அந்த ஒரு வீட்டையே குறிக்கும். முதல் 2 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டால் வட்டாரம் தெரியும், வீடு தெரியாது. வயதை 5 ஆண்டுப் பிரிவுகளாக்குங்கள். நம் சமூகம் சிறியது. 'உட்லண்ட்ஸ், 58 வயது, ஓய்வுபெற்ற தமிழாசிரியை, நாடக நடிகை' என்று எழுதினால் பெயரே தேவையில்லை, தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அடையாளம் வெளியே தெரியாது என்பது நம்பிப் பேசியவருக்கு நாம் கொடுத்த வாக்கு. பெயரையும் பங்கேற்பாளர் எண்ணையும் இணைக்கும் பட்டியலைக் கடவுச்சொல்லிட்டு மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்து, மற்றத் தரவிலிருந்து தள்ளி வேறிடத்தில் வையுங்கள்.

கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தால், சொந்த கிளவுட் கணக்குக்குத் தானாக ஏறும் வசதியை முதலில் நிறுத்துங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் கோப்பு மணிக்குச் சுமார் 320 எம்பி. 40 மணி நேரம் என்றாலும் 13 ஜிபிதான். சுருக்க அவசியமில்லை. மூலக் கோப்பை 'படிக்க மட்டும்' என்று பூட்டிவிட்டு, அதன் நகலில் வேலை செய்யுங்கள். மொத்தம் மூன்று நகல்கள்: பல்கலைக்கழகச் சேமிப்பிடம், மறையாக்கிய வெளி வட்டு, இரண்டுக்கும் தொலைவில் இன்னொன்று. ஒன்டிரைவ் ஒத்திசைவை மட்டும் நம்பாதீர்கள்; மடிக்கணினியில் அழித்தது அங்கும் அழிந்துவிடும்.

தமிழ்த் தரவு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. யூடிஎஃப்-8 (ஒருங்குறிக் குறியேற்றம்) சிஎஸ்வி அட்டவணைக் கோப்பை எக்செலில் நேரடியாகச் சொடுக்கித் திறந்தால் தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் குப்பையாகத் தெரியும். அப்படியே சேமித்தால் மீட்க முடியாமலும் போகலாம். 'டேட்டா' பட்டியலிலிருந்து இறக்குமதி செய்து, குறியேற்றம் 65001 (யூடிஎஃப்-8) என்று தேர்ந்தெடுங்கள். அஞ்சல் குறியீட்டு நெடுவரிசையை அப்போதே 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள். இல்லையெனில் 05 என்று தொடங்குவது 5 ஆகிவிடும். தேதியை 2025-03-04 என்ற வடிவில் எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்ற குழப்பம் வராது. டிஸ்கி, டேப் என்ற பழைய தமிழ்க் குறியேற்றங்களில் உள்ள கோப்புகளை முதலிலேயே ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள்.

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழகக் கணக்கு மூடப்படும். ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன்பே, நெடுவரிசைகளின் பொருளும் அளவீட்டு அலகுகளும் விளக்கும் ரீட்மீ கோப்போடு தரவைக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அது டேட்டாவெர்ஸ் மென்பொருளில் இயங்கும் டிஆர்-என்டியூ (டேட்டா). சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்பேங்க். கட்டுரை வெளிவரும்வரை கோப்புகளைப் பூட்டி வைக்க வேண்டுமென்றால், பதிவேற்றும்போதே நூலகத்தாரிடம் கேளுங்கள். மூல ஒலிப்பதிவும் பெயர்ப் பட்டியலும் யார் பொறுப்பில் இருக்கும் என்பதை மேற்பார்வையாளரிடம் மின்னஞ்சலில் எழுதி உறுதிசெய்துகொண்ட பிறகு, உங்கள் மடிக்கணினியில் உள்ள நகல்களை அழித்துவிடுங்கள்.