ஏ.வி.எம். வெடிக்குமா? எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்க்கும் ஒழுங்கு

ஏ.வி.எம். என்பது மூளையில் நாடியும் நாளமும் நேரடியாக இணைந்து பின்னிக்கிடக்கும் இரத்தக்குழாய்ச் சிக்கல். ஹட்டன், நுவரெலியா பக்கமிருந்து கண்டிக்குப் போய் ஸ்கேன் எடுத்து வந்தவரின் அறிக்கையில் "ஏ.வி.எம்., 2.5 சென்ரிமீற்றர், தரம் 3" என்று இருந்தால், வீட்டார் கண் தரத்திலேயே நிற்கும். அந்த எண் வெடிப்பைப் பற்றியதே அல்ல. 1986இல் வந்த ஸ்பெட்ஸ்லர்-மார்ட்டின் தரம் அது. வெட்டி எடுத்தால் எவ்வளவு ஆபத்து என்றுதான் சொல்லும். 3 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் 1 புள்ளி, ஆறு வரை 2, அதற்கு மேல் 3. பேச்சையோ கைகால் அசைவையோ நடத்தும் இடமென்றால் 1 கூடும், அதன் இரத்தம் மூளையின் ஆழ்நாளத்தில் வடிந்தால் இன்னொரு 1.

வெடிப்புக்குப் பார்க்க வேண்டியவை வேறு: முன்பு கசிந்ததா, எங்கே இருக்கிறது, எப்படி வடிகிறது, கூடவே நாடிச் சுவர் ஊதிய நாடிக்குமிழ் உண்டா.

முதலில், பழைய இரத்தக்கறையைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படவகையான எஸ்.டபிள்யூ.ஐ.யைத் திறக்கவும். நோயாளிக்கே தெரியாமல் என்றோ கசிந்த இரத்தம் இரும்பை விட்டுப் போயிருக்கும். அது சிக்கலின் ஓரத்தில் கரித்தடமாகத் தெரியும். சுண்ணாம்புப் படிவும் கறுப்பாகவே இருக்கும் என்பதால், அதோடு சேர்ந்தே வரும் ஃபேஸ் படத்தை வைத்துப் பிரித்தறிய வேண்டும். எஸ்.டபிள்யூ.ஐ. படத்தில் கறுப்பு உள்ளதை விடப் பெரிதாக ஊதித் தெரியும். அளவை இதில் எடுக்கக் கூடாது, டி2 என்ற படவகையில் எடுக்கவும். அங்கே வேகமாக ஓடும் இரத்தம் கறுத்த நூற்சிக்கலாகத் தெரியும். மூளைத்தண்டு, தலமஸ், பேசல் கேங்லியா போன்ற ஆழமான இடமா என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து, இரத்தக்குழாய்களைக் காட்டும் டைம் ஆஃப் ஃப்ளைட் எம்.ஆர்.ஏ. படம். படத்துண்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்குள் இருப்பது நல்லது. இங்கே பலர் ஏமாறுவது ஒரே இடத்தில்: சில நாள் பழகிய இரத்தக்கட்டி டி1 என்ற படவகையில் வெள்ளையாக இருக்கும், அந்த வெள்ளை எம்.ஆர்.ஏ.யிலும் வந்து, ஓடுகிற குழாய் போலவே காட்டும். டி1 படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். மாறாக, மெதுவாக ஓடும் நாளம் எம்.ஆர்.ஏ.யில் காணாமலே போகலாம். வடிகாலைப் பார்க்க, கடோலினியம் என்ற நிறமூட்டி ஊசியுடன் நேரவரிசையில் எடுக்கும் எம்.ஆர்.ஏ. உதவும். ஊசிக்கு முன், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியற்றினின் பெறுபேறு கையில் இருக்கட்டும்.

வடிகால்தான் அடிக்கடி கோட்டைவிடப்படுவது. தேயிலை மலையில் கான் ஒன்றே இருந்து அதன் வாயும் அடைபட்டால் மேட்டில் தண்ணீர் முட்டி மண் சரியும். ஒரே நாளம், அதிலும் ஒடுக்கம் என்றால் இங்கேயும் அந்தக் கதைதான். எல்லாம் உள்நோக்கி கேலன் நாளம் என்ற ஆழ்நாளத்துக்கே போனால் அபாயம் கூடும். அறிக்கையில் இதுபற்றி ஒரு வரியும் இல்லையென்றால் கிளினிக்கில் கேட்டே ஆகவேண்டும்.

ஒருபோதும் கசியாத ஏ.வி.எம். வெடிக்கும் வாய்ப்பு வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம். கசிந்ததென்றால் 4, 5. கசிந்த முதல் வருடத்தில் இன்னும் கூடும். ஆழமும் ஆழ்வடிகாலும் சேர்ந்தால் மேலும் ஏறும். சிறியது பெரியது என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. சின்னக் குமிழ்கள் எம்.ஆர்.ஐ.யில் தப்பிவிடும், சிகிச்சை முடிவுக்கு முன் வடிகுழாய் வழி ஆஞ்சியோகிராம் தேவைப்படுவது அதனால்தான்.

புதிதாகக் கசிந்தவரின் தலையில் இரத்தக்கட்டி, சிக்கலை நசுக்கி மறைத்துவிடும். முதல் படத்தில் ஒன்றும் இல்லையென்று விட்டுவிடாமல், கட்டி கரைந்தபின் சில வாரங்களில் மீண்டும் எடுக்க வேண்டும்.

ஸ்கேனுக்குப் போகுமுன் தாலி, மூக்குத்தி, கொலுசு, அரைஞாண், தாயத்து எல்லாம் கழற்றவும். தாயத்துத் தகட்டுக்குள் என்ன உலோகம் என்று யாருக்கும் தெரியாது. கவ்வாத்துக் கத்தியைச் சாணையில் தீட்டுகிறவர், தொழிற்சாலையில் வெல்டிங் செய்கிறவர் கண்ணில் எப்போதாவது துகள் விழுந்திருந்தால், முன்கூட்டியே சொல்ல வேண்டும். பழைய படங்களின் சீடியையும் கொண்டுபோகவும். ஃபிலிமில் எல்லாத் துண்டும் இருக்காது.

இடிவிழுந்தது போல் தலைவலி, வலிப்பு, உடலின் ஒருபக்கம் செயலிழத்தல் என்றால் எம்.ஆர்.ஐ. திகதி வரும்வரை காத்திருக்காமல் அம்புலன்ஸுக்கு 1990ஐ அழைக்கவும். அப்போது வேண்டியது சீ.டீ. ஸ்கேன்.