கொள்ளைக்காரக் குடும்பத்தின் கதையைப் பாட்டாகக் கட்டுவது எப்படி?

கதைப்பாட்டு எழுதத் தொடங்கும் நம் நீலகிரிப் பிள்ளைகளுக்கு நான் ஆஸ்திரேலியாவின் கொள்ளைக்காரக் கெல்லி குடும்பத்தைத்தான் கைகாட்டுவேன். அவர்கள் ஒளிந்து திரிந்தது யூகலிப்டஸ் காட்டில். 1840-களில் அந்த நாட்டிலிருந்து வந்ததுதான் நம்ம கற்பூர மரமும். காட்டை வர்ணிக்க வேண்டுமா? கோத்தகிரியில் ஒரு தோப்புக்குள் போய் நில்லுங்கள். உரிந்து தொங்கும் பட்டை, காலடியில் நொறுங்கும் சருகு, மழை விட்டதும் ஏறும் தைல வாசம், எல்லாம் அங்கேயே இருக்கிறது.

முதலில் கதையைச் சுருக்கமாக எழுதி வையுங்கள். 1878 ஏப்ரலில் டேன் கெல்லியைக் கைது செய்ய ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வருகிறார், கைகலப்பாகிறது. தாய் எலனுக்கு 3 வருடச் சிறை, கைக்குழந்தையோடு. அண்ணன் நெட்டும் டேனும் தலைமறைவு. அக்டோபரில் அவர்களைத் தேடிவந்த போலீஸாரில் 3 பேர் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். அப்புறம் வங்கிக் கொள்ளைகள். 1880 ஜூனில் கிளென்ரோவன் என்ற ஊரில் போலீஸ் முற்றுகை. டேன் சாகிறான், நெட் பிடிபடுகிறான். நவம்பர் 11 அன்று மெல்போர்ன் சிறையில் நெட்டுக்குத் தூக்கு. அதே சிறையில்தான் அன்றைக்கு அவன் தாயும் இருந்தாள்.

அடுத்து, யார் பாடுவது? இதை முடிவு செய்தால் பாதி வேலை முடிந்தது. துப்பாக்கி வைத்திருப்பவனைப் பாடவிட்டால் வீரவசனம்தான் வரும். தாயைப் பாடவிடுங்கள். அவள் வாயில் வந்தால் அது ஒப்பாரி. மெட்டுக்கு வெகுதூரம் அலைய வேண்டாம். எஸ்டேட் லைன் வீடுகளில் ஒப்பாரி தெரிந்த பாட்டிகள் இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே இழுக்கிறார்கள், எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று கேளுங்கள்.

சரி, இப்போது ஒரு பொருளைப் பிடியுங்கள். கெல்லிக் கூட்டம் கலப்பை இரும்பை வளைத்துக் கவசம் செய்தது. நெட்டின் கவசம் சுமார் 44 கிலோ. தலையும் மார்பும் மூடியிருந்தன, கால்கள் மூடவில்லை. போலீஸ் காலில்தான் சுட்டது. தாய் இதை எப்படிச் சொல்வாள்?

மண்ணை உழுத இரும்பெடுத்து
மார்புக்குச் சட்டை செஞ்ச மவனே!
கண்ணுக்கு மட்டும் வழி விட்டு
காலை ஏன் மறந்த மவனே!

மண்ணை, கண்ணுக்கு: இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. மண்ணை-மார்புக்கு, கண்ணுக்கு-காலை: முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. பழகும்வரை இந்த இரண்டும் போதும். எதுகைக்காகப் பொருளில்லாத சொல்லைத் திணிக்காதீர்கள், கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

திரும்பத் திரும்ப வரும் அடி ஒன்று வேண்டும். நான் வைத்தது:

ஒரே மதிலுக்குள்ள இருந்தோமே – மவனே
ஒரே வாசலில் போகலையே

தேதி, ஊர்ப்பெயர் எதையும் பாட்டுக்குள் அடைக்க வேண்டாம். கிளென்ரோவன் என்ற பெயர் எந்தச் சந்தத்திலும் உட்காராது. வில்லுப்பாட்டில் செய்வதுபோல நடுவே நிறுத்தி வசனமாகச் சொல்லுங்கள். போலீஸ் வந்த ரயிலைக் கவிழ்க்கக் கெல்லிக் கூட்டம் தண்டவாளத்தைப் பெயர்த்ததும், பள்ளி ஆசிரியர் கர்னோ மெழுகுவர்த்தியும் சிவப்புத் துணியும் காட்டி ரயிலை நிறுத்தியதும் பேசும்போதுதான் விறுவிறுப்பாக இருக்கும்.

செத்த போலீஸார் மூவருக்கும் ஒரு கண்ணி, அதாவது இரண்டடிப் பாட்டு, கட்டாயம் எழுதுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்.

மூணு வீட்டு வாசலிலே – நான்
முகத்தைக் காட்ட முடியலையே

தூக்குமேடையோடு முடிக்காதீர்கள். எலன் 1881-ல் விடுதலையாகி, 1923 வரை வாழ்ந்தாள். அவள் வீடு திரும்புவதுதான் கடைசிக் கண்ணி. எழுதியதும் கதை தெரியாத ஒருவரிடம் பாடிக் காட்டுங்கள். அவர் "அப்புறம்?" என்று கேட்காமல் வெறுமனே தலையாட்டும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்தக் கண்ணிகளை அடித்துவிடுங்கள்.