ஃபயர் பம்ப் உண்மையிலேயே ஓடியதா? டிஜிட்டல் இரட்டை, பிளாக்செயின் வைத்துப் பராமரிப்புப் பதிவைச் சரிபார்ப்பது எப்படி

உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பம்ப் ரூம் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பாருங்கள். பல இடங்களில் மாதாமாதம் "டெஸ்ட் செய்தோம், நல்ல நிலை" என்று ஒரே கையெழுத்தில் இருக்கும். பம்ப் ஓடியதற்கான சான்று அதில் இருக்காது. லண்டன் கிரென்ஃபெல் டவர் தீ விபத்தில் 2017இல் 72 பேர் இறந்த பிறகு, இங்கிலாந்தின் 2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டம் உயரமான குடியிருப்புகளுக்கு டிஜிட்டல் பதிவையே கட்டாயமாக்கிவிட்டது. நாம் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாக்செயினில் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும், பிறகு திருத்த முடியாத பதிவேடு) பொய்யை ஏற்றினால் அது அழிக்க முடியாத பொய்யாக நிற்கும், அவ்வளவுதான். பொய்யைப் பிடிப்பது டிஜிட்டல் இரட்டையின் (கருவிகளின் நிலையை சென்சார் வழியாக அப்படியே காட்டும் கணினிப் பிரதி) வேலை, பதிவைப் பிறகு யாரும் திருத்தாமல் காப்பது பிளாக்செயினின் வேலை.

அதனால் இரட்டையில் தொடங்குங்கள். பளபளப்பான முப்பரிமாண மாடல் இப்போதைக்கு வேண்டாம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண், இருக்கும் இடம், பொருத்திய ஆண்டு, சர்வீஸ் வரலாறு, சென்சார் காட்டும் இப்போதைய அளவு, இவை ஒரு டேட்டாபேஸில் இருந்தால் போதும். ஃபயர் பம்ப், லிஃப்ட், ஜெனரேட்டர் மூன்றையும் முதலில் சேருங்கள், மற்றவை அப்புறம் வரட்டும்.

ஃபயர் பம்புக்கு மோட்டார் கேபிளில் ஒரு கரன்ட் சென்சார், டெலிவரி பைப்பில் (தண்ணீர் வெளியேறும் பைப்) ஒரு பிரஷர் சென்சார் வேண்டும் (பேனல் வேலையை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்). டெக்னீஷியன் பம்பில் ஒட்டிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, தன் லாகினில் பதிவு செய்யட்டும். நேரத்தை அவர் ஃபோனிலிருந்து எடுக்காமல் சர்வரிலிருந்து எடுங்கள். காலை 10.15க்கு டெஸ்ட் என்று பதிவு சொல்கிறது, அந்த நேரத்தில் கரன்ட் பூஜ்யம் என்றால் பம்ப் ஓடவே இல்லை, அல்லது சென்சார் பழுது. இரண்டில் எது என்று அன்றே போய்ப் பாருங்கள். கரன்ட் ஏறியும் பிரஷர் ஏறவில்லையென்றால் சக்ஷன் பக்கம், அதாவது தண்ணீரை உறிஞ்சும் பக்கம், வால்வு மூடியிருக்கலாம், காற்று புகுந்திருக்கலாம். இன்னொன்று, டெஸ்ட் முடிந்ததும் செலக்டர் சுவிட்சை ஆட்டோவுக்குத் திருப்ப மறந்தால் தீப்பிடிக்கும் நேரத்தில் பம்ப் தானாகக் கிளம்பாது. ஆகவே சுவிட்சின் ஃபோட்டோ இல்லாமல் பதிவு முடியாதபடி ஆப்பை அமைத்துவிடுங்கள்.

சரி, பதிவு, ஃபோட்டோ, சென்சார் அளவுகள் எல்லாம் சேர்ந்து ஒரு ஃபைல் ஆகிறது. அதற்கு எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கீட்டு முறையில் ஹேஷ் (ஃபைலின் கைரேகை மாதிரி) எடுங்கள், எழுத்துகளும் எண்களும் கலந்து மொத்தம் 64 குறிகள் கொண்ட ஒரு வரி கிடைக்கும். ஃபைலில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த வரி முழுக்க வேறாகிவிடும். செயினுக்குப் போக வேண்டியது அந்த வரி மட்டுமே. ஆட்களின் பெயரையும் ஃபோட்டோவையும் அங்கே ஏற்றினால் பிறகு நீக்க வழியில்லை. மூல ஃபைலை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள், அது தொலைந்தால் ஹேஷால் பயனில்லை.

ஒரே குடியிருப்பு என்றால் சொந்தமாகப் பிளாக்செயின் நடத்தத் தேவையில்லை. ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற இலவச சேவை பல ஹேஷ்களை ஒன்றாகக் கட்டி பிட்காயின் செயினில் பதிக்கும். அந்தப் பதிவு உறுதிப்படச் சில மணி நேரம் ஆகலாம், அது தரும் சான்று ஃபைலையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிடிக்காத பதிவை ஒருவர் சத்தமில்லாமல் விட்டுவிடலாமே? அதற்குத்தான் ஒவ்வொரு புதிய பதிவிலும் முந்தைய பதிவின் ஹேஷைச் சேர்க்கச் சொல்கிறேன், நடுவில் ஒன்று காணாமல் போனால் தொடர் அறுந்து காட்டிக்கொடுத்துவிடும். தவறாக எழுதியதைத் திருத்த வேண்டுமா, பழைய பதிவின் எண்ணைக் குறிப்பிட்டுப் புதிய பதிவு போடுங்கள்.

பல கட்டடங்களை நிர்வகிப்பவர்கள் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் (அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேர்ந்து நடத்தும் பிளாக்செயினுக்கான மென்பொருள்) பக்கம் போகலாம். அங்கே நோடுகள் (பதிவேட்டின் நகலை வைத்திருக்கும் கணினிகள்) குடியிருப்போர் சங்கம், ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) நிறுவனம், வெளி ஆடிட்டர் என்று வெவ்வேறு கைகளில் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே நிறுவனத்தின் சர்வரில் இருந்தால் அதற்குப் பிளாக்செயின் எதற்கு?

ஏஎம்சி ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: டேட்டா சங்கத்துக்கே சொந்தம், சென்சாரோடு ஒத்துப்போகாத சர்வீஸுக்கு விளக்கம் வராமல் பில் பாஸ் ஆகாது. அப்புறம் 3 மாதத்துக்கு ஒருமுறை, குடியிருப்பவர்களில் ஒருவர் ஏதாவது ஒரு பழைய ஃபைலை எடுத்து, நிறுவனத்தின் உதவி இல்லாமலே ஹேஷ் போட்டுச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.