வஹாக்காவில் நல்ல கம்பளி விரிப்பு வாங்குவது எப்படி?

மெக்சிகோவின் வஹாக்கா பக்கம் போனால் கைவினைப் பொருள் வாங்காமல் திரும்ப முடியாது. அதில் பணமும் அதிகம், ஏமாறும் வாய்ப்பும் அதிகம் என்றால் அது தெயோதித்லான் தெல் வாயே ஊரின் தறி விரிப்புதான். ஆகவே இந்தப் பதிவு விரிப்பைப் பற்றியே. மற்றவை கடைசியில் கொஞ்சம்.

1. முதல் நாள் எதையும் வாங்காதீர்கள்

வஹாக்கா நகருக்குள் ஒரு ஜவுளி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நல்ல நெசவைப் பார்த்துக் கண் பழகட்டும்.

2. தறி இருக்கிற வீட்டுக்குப் போங்கள்

தெயோதித்லான், வஹாக்கா நகரிலிருந்து மித்லா போகும் சாலையில் சுமார் 30 கி.மீ. சாலையோரப் பெரிய கடைகளில் டூரிஸ்ட் பஸ்கள் நிற்கும். கைடுக்குப் போகும் கமிஷனும் பெரும்பாலும் உங்கள் பில்லில்தான் ஏறும். ஊருக்குள் நடந்து போனால் சபோதெக் பழங்குடி நெசவாளர்கள் வீட்டு முற்றத்திலேயே தறி போட்டிருப்பார்கள்.

3. நூலை எரித்துப் பாருங்கள்

நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். கம்பளியா அக்ரிலிக்கா (செயற்கை இழையா) என்று பார்க்க, விரிப்பின் ஓரத்தில் தொங்கும் குஞ்சத்தில் ஒரு இழையை எடுத்து எரிப்பார்கள். ஆனால் குஞ்சம் என்பது பாவு நூல், அதாவது தறியில் நீளவாட்டில் ஓடுவது. பாவு பல விரிப்புகளில் பருத்தியாக இருக்கும். அதை எரித்தால் காகிதம் எரிகிற வாசனைதான் வரும். நீங்கள் மிதிக்கப்போவது ஊடை, அதாவது பாவை மூடிக் குறுக்கே ஓடும் நூல். ஆகவே அதே நிறத்தில் தறியோரம் மிச்சம் கிடக்கும் ஊடை நூலில் ஒரு துண்டு கேளுங்கள். "எஸ் லானா பூரா?" (சுத்தக் கம்பளியா?) என்று கேட்டுவிட்டு, அனுமதி வாங்கி, வெளியே வைத்துக் கொளுத்துங்கள்.

கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், நெருப்பைத் தள்ளி எடுத்ததும் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகிவிடும். தீப்பெட்டி வேண்டாம், லைட்டர்தான் என் கட்சி. தீக்குச்சியின் கந்தக வாசனை வந்துவிட்டால் முடி நாற்றம் பிடிபடாது.

4. சாயம்

சப்பாத்திக்கள்ளியில் வளரும், சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை உள்ளங்கையில் நசுக்கி, எலுமிச்சை பிழிந்து ஆரஞ்சாக்கி, சுண்ணாம்பு தொட்டு ஊதாவாக்கிக் காட்டுவார்கள். பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் பின்னால் அடுக்கியிருக்கும் விரிப்புகளுக்கு அது சாட்சி ஆகாது. (இந்தப் பூச்சிக்காகவே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். வியாபாரம் கைகூடவில்லை.)

அடர் சிவப்பு ஊடை நூல் துண்டு ஒன்றில் ஒரு சொட்டு எலுமிச்சை விடுங்கள். கொச்சினீல் என்றால் பெரும்பாலும் ஆரஞ்சுப் பக்கம் சாயும். ஏற்கெனவே ஆரஞ்சு கலந்த சிவப்பில் இது வேலைக்கு ஆகாது. விரிப்பின் மேலேயே விட்டுப் பார்க்காதீர்கள், ப்ளீஸ்.

செயற்கைச் சாயம் ஒன்றும் பாவம் இல்லை. நல்ல கம்பளி, நல்ல நெசவு என்றால் நானும் வாங்குவேன், ஆனால் இயற்கைச் சாயத்தின் விலை கொடுக்க மாட்டேன்.

5. தரையில் விரியுங்கள்

நான்கு மூலையும் படிய வேண்டும். ஓரம் நேராக ஓட வேண்டும். திருப்பிப் போட்டால் பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருக்க வேண்டும். சரி, இதெல்லாம் தேறிவிட்டால் விலையில் ரொம்ப இழுக்காதீர்கள். வாரக்கணக்கில் தறியில் உட்கார்ந்த வேலை அது.

மற்றவை

சான் பார்த்தோலோ கொயோதெபெக் ஊரின் பளபளக்கும் கறுப்புப் பானை அழகுக்கு மட்டும். அந்தப் பளபளப்புக்காகக் குறைந்த சூட்டில் சுடுவதால் தண்ணீர் ஊற்றினால் கசியும். சாப்பாட்டுக்குக் கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சிட்ட மண்பாண்டம் வாங்கினால் "சின் ப்ளோமோ", அதாவது ஈயம் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். பழைய முறை மெருகில் ஈயம் உண்டு.

பின்சேர்க்கை: அலெப்ரிஹே எனும் வண்ண மர பொம்மையின் அடியில் மாவு மாதிரி தூள் கொட்டுகிறது என்று இரண்டு பேர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். அது, பொம்மை செதுக்கும் கோபால் (copal) மரத்தைத் துளைக்கும் பூச்சி. பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். ஈரம் கோத்தால் பெயின்ட் உரியும்.