நகை வாங்கும்போது பில்லுக்கு முன் போட வேண்டிய கணக்கு

தமிழ்நாட்டில் எந்த நகைக்கடைக்குப் போனாலும் அன்றைய தங்க விலை ஏறக்குறைய ஒன்றுதான். பலகையில் எழுதியிருக்கும் 22 காரட் கிராம் விலையில் யாரும் பெரிதாகக் குறைக்க மாட்டார்கள். சந்தை துள்ளும் நாளில் காலை விலை ஒன்று, மாலை விலை ஒன்று என்று இருக்கும், அவ்வளவுதான். கடைக்குக் கடை பணம் வேறுபடுவது தங்கத்துக்கு மேல் ஏற்றும் சேதாரம் (நகை செய்யும்போது வீணாவதாகக் கணக்கில் சேர்க்கும் தங்கம்), செய்கூலி, கல் விலை ஆகியவற்றில். பேரத்துக்கு இடமும் அங்கேதான் இருக்கிறது.

இந்த மூன்றையும் ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வதுதான் சிக்கல். ஒரு கடையில் 'செய்கூலியே கிடையாது' என்பார்கள், ஆனால் சேதாரம் 12 சதவீதம். அடுத்த கடையில் 'சேதாரம் 8 சதவீதம்தான்', ஆனால் கிராமுக்கு 500 ரூபாய் செய்கூலி. காதில் கேட்டால் இரண்டாவது கடை மலிவாகத் தெரியும். 2 சவரன், அதாவது 16 கிராம் சங்கிலிக்குப் போட்டுப் பாருங்கள். கணக்குக்கு எளிதாகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கடை: 16 கிராம், சேதாரம் 1.92 கிராம், மொத்தம் 17.92 கிராமுக்கு 1,79,200 ரூபாய்.
இரண்டாவது கடை: 16 கிராம், சேதாரம் 1.28 கிராம், மொத்தம் 17.28 கிராமுக்கு 1,72,800 ரூபாய். செய்கூலி 8,000 சேர்த்தால் 1,80,800 ரூபாய்.

வெறும் தங்கத்தின் விலை 1,60,000. முதல் கடை அதற்கு மேல் 12 சதவீதம் வாங்குகிறது, இரண்டாவது கடை 13. எந்தக் கடையில் எப்படிச் சொன்னாலும் தங்க விலைக்கு மேல் மொத்தம் எத்தனை சதவீதம் என்ற ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பிறகு ஒப்பிடுவது சுலபம். இதற்கு மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. வரும். அது தங்கத்துக்கு மட்டுமல்ல, சேதாரம், செய்கூலி சேர்ந்த தொகைக்கு. முதல் கடையில் 5,376 ரூபாய் சேர்ந்து 1,84,576 ஆகும். அதே நகையை மறுநாளே விற்கப் போனால் கிடைப்பது 16 கிராமின் விலை மட்டுமே, அதிலும் சில கடைகள் சிறிது கழிப்பார்கள். தங்கம் 15 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணம் திரும்பும். போட்டுக்கொள்ள நகை வாங்கலாம், சேமிப்புக்கென்றால் நாணயம்தான் கணக்குக்கு ஒத்துவரும்.

சேதாரம் எவ்வளவு வரை நியாயம்? மெஷினில் செய்த சாதாரணச் சங்கிலி, வளையலில் உண்மையில் வீணாகும் பொன் மிகக் குறைவு. அராவிய தூளையும் திரும்ப உருக்கிவிடுவார்கள். எனவே அந்த வகைகளில் ஒற்றை இலக்கத்துக்கு மேல் கேட்டால் தயங்காமல் பேரம் பேசுங்கள். நகாசு, ஆன்டிக், கோயில் நகைகளில் கைவேலை அதிகம், சேதாரமும் 15 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். அங்கேயும் குறைப்பார்கள், ஆனால் கொஞ்சம்தான். டேக்கில் 'வி.ஏ.' (வேல்யூ அடிஷன்) என்று இருப்பதுதான் இந்தச் சதவீதம். அதைச் சொல்லாமல் கால்குலேட்டரில் தட்டி மொத்தத் தொகையை மட்டும் காட்டினால், எஸ்டிமேட் சீட்டைக் கையில் வாங்கி வரி வரியாகப் படியுங்கள்.

கல் வைத்த நகையில் டேக்கை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்கும். தங்க விலையும் சேதாரமும் நிகர எடைக்கு மட்டுமே. மொத்த எடைக்குச் சேதாரம் போட்டுவிட்டு, கல்லுக்குத் தனி விலையும் போட்டால், கல்லுக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறீர்கள். அமெரிக்கன் டைமண்ட், கெம்பு வகைக் கற்களுக்குத் திரும்ப விற்கும்போது ஒரு பைசாவும் வராது. உள்ளே அரக்கு நிரப்பிய உருண்டை, ஜிமிக்கி வகைகளுக்கும் இதே எச்சரிக்கை: அரக்கின் எடையைக் கழித்தார்களா என்று கேளுங்கள்.

எடை போடும்போது தட்டு காலியாக இருக்கையில் தராசு பூஜ்யம் காட்ட வேண்டும். டேக்கையும் நூலையும் கழற்றிவிட்டு வைக்கச் சொல்லுங்கள். மேலே மின்விசிறி சுற்றினால் மில்லிகிராம் இலக்கங்கள் ஆடும். தராசில் எடையளவுத் துறையின் காலாவதியாகாத முத்திரை இருக்க வேண்டும்.

அடுத்து ஹால்மார்க், அதாவது தங்கத்தின் தரத்துக்கான சான்று முத்திரை. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமாக உள்ள நகைகளை ஹெச்.யு.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் உள்ள தனி அடையாள எண்) இல்லாமல் கடைகள் விற்கக் கூடாது. நகையில் மூன்று குறிகள் தேட வேண்டும்: பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முக்கோண முத்திரை, '22கே916' போன்ற தர எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கடையே வைத்திருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். அந்த ஆறு இலக்கத்தை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டினால் நகையின் வகை, தரம், முத்திரையிட்ட மையம், பதிவு பெற்ற நகைக்கடை விவரம் வரும். பலரும் 'விவரம் வந்துவிட்டது' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். வகையைப் படியுங்கள். கையில் சங்கிலி இருக்க, திரையில் மோதிரம் என்று வந்தால் அது வேறு நகையின் எண். கடைப் பெயர் மட்டும் மாறியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை, மொத்த வியாபாரியின் பதிவில் முத்திரையிட்டிருக்கலாம். மூக்குத்தி போல 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. 'கே.டி.எம்.' என்பது பற்றவைப்பு முறையின் பெயர், தரச் சான்று அல்ல.

18 காரட் நகை வாங்குபவர்கள் 22 காரட் விலையில் பில் போடவில்லையே என்று பாருங்கள். 22 காரட் 10,000 என்றால் 18 காரட் சுமார் 8,190 ரூபாய்தான் வர வேண்டும்.

பழைய நகையை மாற்றும்போதுதான் அதிகம் கைநழுவும். ஹால்மார்க்குக்கு முந்தைய காலத்து நகையை '22 காரட்' என்று நம்பிப் போவோம், தரம் பார்க்கும் இயந்திரத்தில் வைத்தால் 20 காரட் காட்டும். அப்படியென்றால் 16 கிராமுக்கு 14.55 கிராம் 22 காரட் தங்கம் என்று கணக்கு வர வேண்டும் (16 × 833 ÷ 916; 833 என்பது 20 காரட்டின் தர எண்). அதற்கு மேலும் 'உருக்குச் சேதம்' என்று கழித்தால் காரணம் கேளுங்கள். வீட்டிலேயே எடைபோட்டு, படம் எடுத்துக்கொண்டு போங்கள். உருக்குவதாக இருந்தால் கண்முன் உருக்கி, முன்னும் பின்னும் எடையைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். புது நகையைத் தேர்ந்து அதன் சதவீதத்தைப் பேசி முடித்த பிறகே பழையதை எடுத்து நீட்டுங்கள். முதலிலேயே உருக்கிவிட்டால் பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

நகைக்கடைகளின் மாதச் சீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் 11 மாதத்தில் முடிவதற்குக் காரணம் உண்டு. பொருளுக்கான முன்பணத்தை நிறுவனம் 365 நாட்களுக்குள் சரிக்கட்டாவிட்டால் அது டெபாசிட் ஆகி, டெபாசிட்டுக்கான சட்ட விதிகளுக்குள் வந்துவிடும். சேரும் முன் கேட்க வேண்டியது: கட்டிய அன்றே கிராமாக வரவு வைக்கிறார்களா, பணமாக வைத்து முடிவில் அன்றைய விலைக்குத் தருகிறார்களா? '18 சதவீதம் வரை சேதாரம் இல்லை' என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 14 சதவீதச் சங்கிலியைப் பேரம் பேசியே 11க்கு வாங்க முடியுமென்றால், சலுகையின் மதிப்பு 11தான். சேர்ந்த கிராமுக்கு மேல் நகை எடுத்தால் அந்தக் கூடுதல் எடைக்கு முழுச் சேதாரம் உண்டு. கடை மூடினால் வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்ச ரூபாய் காப்பீடு இந்தப் பணத்துக்குக் கிடையாது.

'பில் வேண்டாமென்றால் 3 சதவீதம் மிச்சம்' என்பார்கள். வேண்டவே வேண்டாம். பில்லில் ஒவ்வொரு நகைக்கும் நிகர எடை, காரட், தர எண், ஹால்மார்க் கட்டணம் தனித்தனியாக இருக்க வேண்டும், ஹெச்.யு.ஐ.டி. எண்ணையும் எழுதி வாங்குங்கள். 2 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பான் எண் கேட்பார்கள், 2 லட்சமோ அதற்கு மேலோ கடை ரொக்கமாக வாங்கவும் கூடாது. பின்னாளில் தரத்தில் சந்தேகம் வந்தால் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டி நாமே சோதிக்கலாம். முத்திரையில் உள்ளதைவிடத் தரம் குறைந்திருந்தால், குறைவின் மதிப்பைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடை தர வேண்டும் என்கிறது பி.ஐ.எஸ். விதி. கடை மறுத்தால் 1915 உதவி எண்ணிலோ செயலியிலோ புகார் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை.