மினிட்ஸை ஸ்கேன் செய்யாதீர்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறீர்களா? கூட்ட அஜெண்டா, மினிட்ஸ், வரவு செலவுக் கணக்கு எல்லாவற்றையும் யூனிகோடில் (எல்லாக் கருவிகளுக்கும் புரியும் பொது எழுத்துக் குறியீடு) தட்டச்சு செய்து வேர்ட் கோப்பாகவே அனுப்புங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேண்டாம்.

பார்வையற்ற உறுப்பினரின் போனில் டாக்பேக்கும் கணினியில் என்விடிஏவும் (திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் மென்பொருள்கள்) எழுத்தைத்தான் வாசிக்கும். ஸ்கேன் என்பது வெறும் படம். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது இன்னும் மோசம்: 'அம்மா' என்று நீங்கள் அடித்தது அவர் காதில் 'mk;kh' என்ற பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக விழும். டிடிபி கடைக்காரரிடம் 'யூனிகோட்' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மறுபடி அடிக்கும் கூலி மிச்சம். கூட்டத்தில் ஒருவர் உட்கார்ந்து முழுதாக வாசித்துக் காட்டும் அரை மணி நேரமும் மிச்சம். (பார்வையற்ற உறுப்பினருக்கும் முன்பே படித்துவிட்டு வந்து கேள்வி கேட்க வழி கிடைக்கும். சில தலைவர்களுக்கு அது பிடிக்காது, அது வேறு விஷயம்.)

கணக்குகளை அட்டவணையாகப் போடும்போது கட்டங்களை இணைக்காதீர்கள். இணைத்தால், குரலில் கேட்பவருக்கு எந்தத் தொகை எந்தத் தலைப்பில் என்பதே குழம்பிவிடும்.

ஆனால் வேர்ட் கோப்பு எல்லா இடத்துக்கும் போதாது: வங்கி, சங்கப் பதிவாளர் அலுவலகம் போன்ற இடங்களில் கையெழுத்திட்ட காகிதம் கேட்கலாம். சைகை மொழியிலேயே வளர்ந்த காது கேளாத உறுப்பினருக்கும் எழுத்து மட்டும் போதாது, சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.