அமெரிக்க மதுவிலக்கு ஏன் தோற்றது: வகுப்பில் எப்படி நடத்தலாம்?

இந்தப் பாடத்தை அந்தக் காலத்துச் சாராயக் கடத்தல் கும்பல் தலைவன் அல் கபோனிலிருந்து தொடங்காதீர்கள். பிள்ளைகளுக்குத் துப்பாக்கிச் சண்டை மட்டும் மனதில் நிற்கும், காரணம் நிற்காது. நான் சட்டத்திலிருந்துதான் தொடங்குவேன்.

1920 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்த, அமெரிக்க அரசியலமைப்பின் 18-ஆவது சட்டத்திருத்தத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். சின்னதுதான். தயாரிப்பு, விற்பனை, போக்குவரத்து, இறக்குமதி, ஏற்றுமதி எல்லாவற்றையும் தடுக்கிறது. குடிப்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. இதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

பிறகு, அந்தத் திருத்தத்தை அமல்படுத்த வந்த வோல்ஸ்டெட் சட்டம் திறந்துவைத்த வாசல்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக்கடையில் விஸ்கி கிடைக்கும். வழிபாட்டுக்கு ஒயின் உண்டு. வீட்டில் பழச்சாறு தயாரிக்கலாம், அது புளித்தால் கேட்பாரில்லை. தொழிற்சாலைகளுக்கு ஆல்கஹால் போய்க்கொண்டே இருந்தது. "இந்த வாசலில் யார் நுழைவார்கள்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டங்கள் அந்தக் காலத்தில்தான் பெருகின என்பதை அவர்கள் பதில் சொன்ன பிறகு சொல்லலாம்.

தொழிற்சாலை ஆல்கஹாலுக்குத் தனியே நேரம் ஒதுக்குங்கள். யாரும் குடிக்கக் கூடாதென்று அதில் மெத்தனால் போன்ற நஞ்சைக் கலக்க அரசே விதித்திருந்தது. கடத்தல்காரர்கள் அதைத் திருடி, ஆள் வைத்து நஞ்சைப் பிரித்தார்கள். 1920-களின் நடுவில் அரசு நஞ்சைக் கூட்டியது. குடித்தவர்கள் செத்தார்கள். கள்ளச்சாராயச் சாவுகளைச் செய்தியில் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு மெத்தனாலை விளக்க வேண்டியதில்லை. திருத்த வந்த சட்டம் கொல்லலாமா என்று யாராவது கேட்டால் நீங்கள் பதில் சொல்லாமல் வகுப்பைப் பேசவிடுங்கள். மணி அடித்தாலும் பரவாயில்லை.

காவலைச் சுருக்கமாக முடிக்கலாம். தொடக்கத்தில் நாடு முழுதுக்கும் மத்திய அரசின் மதுவிலக்கு அலுவலர்கள் ஏறத்தாழ 1,500 பேர்தான். வரைபடத்தில் டெட்ராய்ட்டையும் எதிர்க்கரையில் கனடாவின் வின்ட்சரையும் காட்டுங்கள், நடுவே ஓர் ஆறுதான். மேரிலாந்து மாநிலம் அமலாக்கச் சட்டமே இயற்றவில்லை, நியூயார்க் மாநிலம் இயற்றியதை 1923-இல் நீக்கிவிட்டது. லஞ்சத்தைப் பற்றி மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். முதல் சில ஆண்டுகளில் குடி உண்மையாகவே குறைந்தது. மதுவிலக்குக் கேட்டுப் போராடிய பெண்கள் அடியும் பசியும் கண்டவர்கள். அப்பா குடிக்கும் வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கும். "தடை போட்டால் இப்படித்தான்" என்று சிரித்தபடி நடத்தினால், அந்தப் பிள்ளையின் அம்மாவையும் சேர்த்துக் கேலி செய்ததாகும். எனக்கு அது பொறுக்காது.

கடைசியாக வரி. 1913-இல் வருமான வரி வரும்வரை மத்திய அரசின் வருவாயில் மதுவரிக்குப் பெரிய பங்கு இருந்தது. 1929-இல் தொடங்கிய பொருளாதாரச் சரிவில் வருமான வரி வசூல் விழுந்தது, மதுவரியின் நினைவு வந்தது. 1933 டிசம்பர் 5 அன்று 21-ஆவது திருத்தம் மதுவிலக்கை நீக்கியது. வீட்டுப்பாடமாக இதைக் கொடுங்கள்: அந்தச் சரிவு வந்திருக்காவிட்டால் 1933-இல் மதுவிலக்கு நீங்கியிருக்குமா? ஆம், இல்லை என்ற இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. காரணம் எழுதாத பதிலுக்குக் கிடையாது.